யானை வேலியின் பற்றரியும் அழுத்தச் சீராக்கியும்

வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய மாவட்டங்களில் காட்டை அடுத்துக் கமஞ் செய்வோர், நெற்கதிர் முற்றும் காலத்தில் யானைக்கு அஞ்சி இரவு முழுவதும் பரண் காவல் இருப்பது பழைய வழக்கம். இப்பளுவைக் குறைத்தற் பொருட்டுப் பல கிராமங்களில் சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலிகள் இடப்பட்டுள்ளன. கம்பியும் கம்பமும் உறுதியாய் நிற்க, வேலி மட்டும் ஓரிரு ஆண்டுகளில் உயிரிழந்து விடுவதுண்டு. அத்தகைய இடங்களில் முதலில் ஆராய வேண்டியது பற்றரியாகும். பற்றரியின் ஆயுளோ, அதனருகே வைக்கப்பட்டிருக்கும் சிறு பெட்டியாகிய அழுத்தச் சீராக்கியிலேயே தங்கியுள்ளது.

வேலியின் கருவிகள் நான்கு. சூரியத் தகடு பகலில் மின்னை ஆக்குகின்றது. பற்றரி அதனைச் சேமிக்கின்றது. மின்னூட்டி அம்மின்னை உயர்ந்த அழுத்தமுள்ள சிறு துடிப்புக்களாக மாற்றிக் கம்பிக்கு அனுப்புகின்றது. இம்மூன்றுக்கும் நடுவே நின்று வரவையும் செலவையும் கட்டுப்படுத்துவது சீராக்கி.

12 வோல்ற்றுத் தகடு என்று கடையில் விற்கப்படுவது உண்மையில் 12 வோல்ற்று மட்டும் தருவதன்று. நல்ல வெயிலில், ஒன்றுடனும் தொடுக்காதிருக்கும்போது, அதன் முனைகளிடையே ஏறக்குறைய 21 வோல்ற்று இருக்கும். பற்றரியின் நிலை வேறு. ஓய்விலிருக்கும் ஈய அமிலப் பற்றரி நிறைந்திருப்பின் 12.7 வோல்ற்றும், பாதியாயின் 12.2 வோல்ற்றும், வெறுமையாயின் 11.9 வோல்ற்றும் காட்டும். நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ற்றுக்கூட இல்லை என்பதைக் கமக்காரர் கவனித்தல் வேண்டும். மின்னேற்றும்போது 14.4 வோல்ற்றைத் தாண்டவிட்டால் அமிலத்திலுள்ள நீர் பிரிந்து வாயுவாய்ப் போகும். தகடுகள் வெளியே தெரியும். அவ்வாயு தீப்பற்றக் கூடியது. அளவுக்கு மீறி இறங்கவிட்டாலோ, தகடுகளிற் படியும் ஈயச் சல்பேற்று கடினமாகிப் பின்னர் கரைய மறுக்கும்.

குளத்தைப் பேணுவோருக்கு இது புதிய செய்தியன்று. நீர் மட்டம் மிஞ்சினால் வான் பாய வேண்டும். அடிமட்டத்தை அணுகினால் துருசை மூட வேண்டும். சீராக்கி இவ்விரு வேலைகளையும் ஆளின்றிச் செய்கின்றது.

அது மட்டத்தை அறியும் விதம் எளியது. சேனர் இருவாயி என்னும் சிறு உறுப்பு, தனக்குக் கிடைக்கும் அழுத்தம் ஏறினும் இறங்கினும் தன் முனைகளில் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தைப் பேணும். 5.6 வோல்ற்றுச் சேனர் வெப்பநிலை மாற்றத்தாலும் அதிகம் பாதிக்கப்படாதாகையால் அளவுகோலாகக் கொள்ளத் தக்கது. பற்றரியின் அழுத்தத்தை இரு தடைகளாற் பங்கிட்டு இவ்வளவுகோலுடன் ஒப்பிட வேண்டும். மேல் தடையும் கீழ்த் தடையும் 11க்கு 7 என்னும் விகிதத்தில் இருப்பின், பற்றரி 14.4 வோல்ற்றை அடையும்போது கீழ்த் தடையில் சரியாக 5.6 வோல்ற்று நிற்கும். அவ்வேளை ஒப்பிடும் சுற்று திரான்சிற்றரை ஆளிபோல் இயக்கித் தகட்டைத் துண்டிக்கும். இதே முறையில் 29க்கு 28 என்னும் விகிதம் 11.4 வோல்ற்றைக் காட்டிக் கொடுக்கும். அப்போது துண்டிக்கப்படுவது மின்னூட்டி. இக்காலச் சீராக்கிகள் தகட்டை ஒரேயடியாகத் துண்டியாமல், ஆளியை நொடிக்குப் பன்முறை திறந்து மூடி வரவைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றன. பற்றரி நிறைந்த பின் 13.6 வோல்ற்று அளவில் அதனைத் தாங்கி வைக்கின்றன. இரவில் பற்றரியின் மின் தகட்டுக்குத் திரும்பிப் பாயாதபடி தடுப்பதும் இப்பெட்டியே.

துண்டித்த மின்னூட்டியை மீண்டும் தொடுக்கும் எல்லை 11.4 ஆக இருத்தலாகாது. சுமை நீங்கியவுடன் பற்றரியின் அழுத்தம், ஒரு துளி மின்னும் ஏறாமலே, சற்று உயரும். ஒரே எல்லையாயின் சீராக்கி உடனே தொடுக்கும், உடனே துண்டிக்கும். இரவு முழுவதும் இவ்வாறு தடுமாறும். ஆகவே வெளியீட்டிலிருந்து ஒரு தடை வழியாகச் சிறிது அழுத்தத்தை ஒப்பிடும் சுற்றுக்குத் திருப்பி அனுப்பி, மீளத் தொடுக்கும் எல்லையை 12.6 வோல்ற்று வரை உயர்த்தி வைக்கின்றனர். காலையில் வெயில் வந்தும் வேலி சிறிது நேரம் இயங்காதிருப்பின் அது பழுதென்று எண்ணிப் பெட்டியைத் திறக்கலாகாது.

ஆயினும் நடப்பது என்ன? நள்ளிரவில் சீராக்கி வேலியைத் துண்டிக்கின்றது. விளைந்த வயலை எண்ணிக் கலங்கும் கமக்காரர் சீராக்கியை விலக்கி மின்னூட்டியைப் பற்றரியுடன் நேரே தொடுத்து விடுகின்றார். அந்த ஓர் இரவு வேலி நிற்கும். அதையே வழக்கமாக்கினால் அறுவடைக்கு முன்னரே பற்றரி பயனற்றுப் போகும். யானை வரும் காலத்தில் அவர் கலக்கம் நியாயமானதே. எனினும் குறை சீராக்கியில் இல்லை, கணக்கிலேயே உள்ளது.

0.5 அம்பியர் இழுக்கும் மின்னூட்டி 12 மணி நேரத்தில் 6 அம்பியர் மணி செலவிடும். 60 அம்பியர் மணிப் பற்றரியில் பாதியை மட்டும் பயன்படுத்துவது நன்று. அப்பாதி ஐந்து இரவுகளுக்குப் போதும். 40 வாற்றுத் தகடு நல்ல வெயிலில் 2.2 அம்பியர் அளவு தரும். நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஏறக்குறைய 9 அம்பியர் மணி. இஃது இரவுச் செலவுக்குப் போதியது. ஆனால் மாரிகாலத்து முகில் இவ்வரவைக் காற்பங்காக்கினால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 4 அம்பியர் மணி குறையும். ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். தகட்டைப் பெரிதாக்குதலே இதற்குப் பரிகாரம். புதிய தகட்டின் மின்னோட்டத்தைத் தாங்கவல்ல சீராக்கியாவெனவும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சூரியன் எழுமுன் மின்னூட்டியைச் சிறிது நேரம் நிறுத்திப் பற்றரியின் அழுத்தத்தை அளந்து குறித்து வைப்பது மிகவும் பயன் தரும். 12.2க்கு மேல் நின்றும் கம்பியில் வலு குறைந்திருப்பின், கம்பியைத் தொடும் புல்லையோ, வறண்ட நிலத்திலுள்ள புவித்தொடுப்பையோ சந்தேகிக்கலாம். நாளுக்கு நாள் அளவு இறங்கி வந்தால் தகட்டின் தூசி, மர நிழல், தளர்ந்த முனைகள் ஆகியவற்றை ஆராய்க. பற்றரிக்கு வடித்த நீரையே ஊற்றுக. வன்னிக் கிணற்று நீரிலுள்ள உப்பு அதற்கு ஆகாது.

பற்றரி தீர்ந்த இரவில் வீட்டு மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுப்பது எக்காரணத்தாலும் செய்யத் தகாதது. மின்னூட்டியின் துடிப்பு பல்லாயிரம் வோல்ற்றாயினும் நொடியில் ஆயிரத்திலொரு பங்கு அளவே நீடிக்கும். அடுத்த துடிப்புக்கு ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி உண்டு. தொட்டவர் அவ்விடைவெளியிற் கையை எடுத்துவிடலாம். 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்துக்கு இடைவெளியே இல்லை. தசையை இறுக்கிப் பிடித்த பிடியை விடாது. அக்கம்பியில் யானை மட்டுமன்றி, விடியலில் வயலுக்கு வரும் கமக்காரரும் அவர் பிள்ளைகளும் மாண்டுபோவர். இது சட்டப்படி குற்றமுமாகும்.

தொடுக்கும்போது முதலிற் பற்றரியையும், அதன்பின் தகட்டையும் சீராக்கியுடன் இணைத்தல் வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலிற் கழற்றுக. பற்றரியின் நேர் முனைக்கு அண்மையில் ஓர் உருகி இருத்தல் அவசியம். போகம் முடிந்து வேலியை நிறுத்தி வைப்பதாயின் பற்றரியை முழுமையாக மின்னேற்றி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மீண்டும் மின்னேற்றி வருக.