எஞ்சின் மாற்றமும் பெயர்க்குறியீடும்: ஃபியட் ஜி.55 முதல் ஜி.59 வரை

முன்னுரை

வானூர்தி வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெயர்க்குறியீடும் ஒரு சான்றாகும். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் உருவாக்கிய ஜி.55 ‘சென்டாரோ’ போர்வானூர்தி, இரண்டாம் உலகப்போருக்குப் பின் எஞ்சின் மாற்றத்தால் வேறு எண்ணைப் பெற்றது. அக்குறியீடுகளின் ஒழுங்கை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜெர்மானிய எஞ்சின்

ஜி என்னும் எழுத்து வடிவமைப்பாளர் ஜூசெப்பே கேப்ரியெல்லியைக் குறிக்கும். 1942 ஏப்ரலில் முதன்முதலாகப் பறந்த ஜி.55, டைம்லர்-பென்ஸ் டிபி 605ஏ எஞ்சினின் உரிமவழி வடிவத்தைக் கொண்டது. ஃபியட் அதற்கு ‘டிஃபோனே’ எனப் பெயரிட்டது. அதன் ஆற்றல் 1,475 குதிரைத்திறன். தலைகீழ் வி-வடிவில் 12 உருளைகள் அமைந்த அந்த எஞ்சின், சுழல்விசிறியின் நடுவழியே 20 மி.மீ. பீரங்கி சுட இடமளித்தது. அதனினும் பெரிய டிபி 603 பொருத்தப்பட்ட முன்மாதிரிகள் ஜி.56 எனப்பட்டன. எஞ்சின் வகை மாறினால் எண்ணும் மாறும் என்ற வழக்கம் போர்க்காலத்திலேயே தோன்றிவிட்டதை இது காட்டுகிறது.

போருக்குப் பிந்தைய வகைகள்

1946இல் ஜி.55ஏ, ஜி.55பி ஆகியவை பறந்தன. முன்னது ஒற்றை இருக்கையுடையது; பின்னது இரட்டை இருக்கைப் பயிற்சி வானூர்தி. இரண்டிலும் பழைய எஞ்சினே நீடித்தமையால் எண் மாறவில்லை. அர்ஜென்டினா இவ்விரு வகைகளையும் வாங்கியது.

ஜெர்மனியின் தோல்விக்குப் பின் டிபி 605 உற்பத்தி நின்றது. எஞ்சிய இருப்பும் குறைந்தது. எனவே ஃபியட், பகைநாடாக இருந்த பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லினை நாடியது. மெர்லின் பொருத்திய முன்மாதிரி 1948இல் பறந்தது, அவ்வகை ஜி.59 எனப்பட்டது. டிபி 605இன் கொள்ளளவு 35.7 லிட்டர்; மெர்லினுடையது 27 லிட்டர். மெர்லின் நேர்நிலை வி-வடிவினது. ஆதலால் முகப்பு மறுவடிவம் பெற்றது, நடுப்பீரங்கியும் நீங்கியது.

குறியீட்டை வாசித்தல்

ஜி.59-4பி என்பதில் 59 எஞ்சின் மாற்றத்தால் பிறந்த வகையையும், 4 உருவாக்கத் தொடரையும், பி இரட்டை இருக்கையையும் சுட்டும். நான்காம் தொடரில் குமிழ்வடிவ விமானி அறைமூடி இடம்பெற்றது. இங்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். டிபி 605ஏ என்பதிலுள்ள ‘ஏ’ எஞ்சினின் வகை, ஜி.55ஏ என்பதிலுள்ள ‘ஏ’ இருக்கையமைப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், ஜி.55பி வேறு எஞ்சின் கொண்டதெனப் பிழையாக முடிவுசெய்ய நேரிடும்.

குறிப்பில்லாத ஒளிப்படங்களில் புகைபோக்கிக் குழாய்கள் துணைபுரியும். அவை முகப்பின் கீழ்ப்பகுதியில் இருப்பின் டிபி 605. மேற்பகுதியில் இருப்பின் மெர்லின்.

முடிவுரை

ஜி.55, ஜி.59 ஆகியவற்றின் உடற்கூடு பெரும்பாலும் ஒன்றே. எண் வேறுபாடு எஞ்சினால் விளைந்தது. எனவே ஜி.59ஐ முற்றிலும் புதிய வானூர்தியாகக் கருதுவதும், ஜி.55இன் மற்றொரு பெயராகக் கருதுவதும் பொருந்தா. எண், தொடர், எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்வதே ஆய்வுக்கு உகந்தது.