இருவகைக் கூச்சம்: ஆண்கள் சொல்லத் தயங்கும் ஒரு தோல் உபாதை

கூச்சம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். பல் கூசுவதும் கண் கூசுவதும் உடலின் கூச்சம். பிறர் முன் ஒன்றைச் சொல்ல நா எழாதிருப்பது மனத்தின் கூச்சம். ஆண்குறியின் முன்தோலைப் பின்தள்ளி வைத்திருக்கும்போது உண்டாகும் எரிவு பற்றி எமது ஆண்கள் வாய் திறவாதிருப்பதற்கு இவ்விரண்டும் ஒன்றுசேர்வதே காரணம். முன்னையது பெரும்பாலும் எளிய பராமரிப்பில் தணிந்துவிடும். பின்னையதோ சில வேளைகளில் ஒருவரை நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுசென்று விடுகிறது.

ஏன் கூசுகிறது?

ஆண்குறியின் மொட்டும் முன்தோலின் உட்புறமும் மெல்லிய, ஈரம் காக்கும் பரப்புக்கள். மூடியிருக்கும்வரை துணியோ குளிர்காற்றோ அவற்றைத் தீண்டுவதில்லை. சிலருக்கு முன்தோல் இயல்பாகவே குட்டையானது, மொட்டு வெளித்தெரியும். வேறு சிலர் தூய்மை கருதியோ, இறுக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற பின்னரோ அதனைப் பின்தள்ளி வைத்திருக்கப் பழகுகின்றனர். அப்போது ஈரம் உலர்கிறது, உடை உராய்கிறது, எரிவு தோன்றுகிறது.

புலம்பெயர் வாழ்வு இதற்குத் துணைபோகிறது. ஊரில் சாரம் உடுத்துக் காற்றோட்டமாக இருந்தவர் இங்கு இறுகிய ஜீன்ஸுக்குள்ளும், குளிர்காலத்தில் இரட்டை உடைக்குள்ளும் நாளைக் கழிக்கிறார். அறையைச் சூடாக்கும் ஹீற்றர் தோலை வரட்டுகிறது. உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நிற்பவருக்கு வியர்வையும் சேர்கிறது. மிளகாய் நறுக்கிய கையுடன் சிறுநீர் கழிக்கச் சென்று எரிவு கொள்வோரும் உளர். மிளகாயின் காரம் வெறும் நீருக்குப் போகாது. மலசலகூடத்துக்குச் செல்லுமுன்னரே சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் அவசியம்.

அளவுக்கு மிஞ்சிய தூய்மை

எரிவு தோன்றியதும் பலர் செய்வது, மேலும் மேலும் சவர்க்காரமிட்டுக் கழுவுவது. சிலர் கிருமிநாசினித் திரவத்தையும் நீரிற் கலந்து விடுகின்றனர். இது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும். 1993இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில், மொட்டில் மீண்டும் மீண்டும் அழற்சி கண்ட 43 ஆண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 31 பேருக்கு இருந்தது தொற்றுநோயன்று. தோல் உறுத்தலால் வந்த அழற்சியே. அவர்கள் சவர்க்காரமிட்டு அடிக்கடி கழுவுவோராகவும் காணப்பட்டனர்.

எனவே நாளுக்கு ஒரு தடவை, முன்தோலை மெதுவாகப் பின்தள்ளி, இளஞ்சூட்டு நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, மீண்டும் முன்னே கொணர்ந்து விடுவதே போதுமானது. வாசனைச் சவர்க்காரம், பவுடர், சென்ற் ஆகியன அவ்விடத்துக்கு ஆகா. உராய்வு மிகுந்தால் வாசனையற்ற வஸ்லினை மெல்லியதாகப் பூசலாம். ஆனால் அத்தகைய எண்ணெய்ப் பசைகள் இரப்பர் ஆணுறையை நலிவுறச் செய்யும் என்பதை மறத்தலாகாது.

பின்தள்ளி வைத்திருக்க விரும்புவோர், முன்தோல் தடையின்றி முன்னும் பின்னும் அசைகின்றதா என்பதை முதலில் உறுதிசெய்தல் வேண்டும். அசையுமாயின், வீட்டில் தளர்வான பருத்தி உள்ளாடையுடன் சிறிது நேரம் எனத் தொடங்கி, நாட்போக்கிற் கூட்டலாம். பலருக்குக் கூச்சம் படிப்படியாகக் குறையும். எரிந்தால் மூடிவிடுக. உடல்நலத்துக்கு அது எப்போதும் திறந்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் எதுவுமில்லை. இங்கு கூறுவன வளர்ந்தோருக்கே உரியன. குழந்தைகளின் முன்தோலை ஒருபோதும் வலிந்து பின்தள்ளலாகாது.

இரவில் காத்திருக்கலாகாத நிலை

முன்தோலின் வாய் இறுக்கமானவருக்கு ஆபத்து உண்டு. பின்தள்ளப்பட்ட தோல் மொட்டின் பின்னால் ஒரு வளையம்போல் இறுகும். இரத்தம் திரும்பிச் செல்ல வழியின்றி மொட்டு வீங்கும். வீங்க வீங்க வளையம் மேலும் இறுகும். ஈற்றில் இரத்தம் உட்செல்வதும் தடைப்படலாம். மருத்துவத்தில் இது பராபைமோசிஸ் எனப்படும். உறக்கத்தில் ஏற்படும் விறைப்பும் இதனைத் தூண்டக்கூடும் என்பதால், இறுக்கமுள்ளோர் உறங்குமுன் தோலை முன்னே கொணர்ந்துவிட வேண்டும். வைத்தியசாலையில் சிறுநீர்க்குழாய் செலுத்திய பின்னர் தோலை முன்கொணர மறந்துவிடுவதாலும் இந்நிலை நேர்வதுண்டு. முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தவர் இதனைக் கவனித்தல் நன்று.

இவ்வாறு நேர்ந்தால், மொட்டைக் கையால் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடித்து வீக்கத்தைத் தணித்தபின் தோலை முன்னே நகர்த்த முயலலாம். அது கைகூடாவிடில் விடியும்வரை பொறுத்திராது உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

உபாதை உணர்த்தும் நோய்கள்

சிவப்பு, சொறி, வெண்படலம், தோல் வெடிப்பு ஆகியன திரும்பத் திரும்ப வந்தால் நீரிழிவைச் சோதித்தல் வேண்டும். சிலருக்கு நீரிழிவின் முதல் அறிகுறியே இதுதான். தென்னாசிய வம்சத்தவரிடையே இந்நோய் இளவயதிலேயே தோன்றுவதும் கருதத்தக்கது. டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் முதலிய நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரிற் சர்க்கரையை வெளியேற்றுவதால், அவற்றை உட்கொள்வோருக்குப் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தாது, வைத்தியரிடம் கூறுதலே முறை.

வெண்ணிறத் தழும்பு போலத் தோல் தடித்து இறுகுமாயின் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல்நோயாக இருக்கலாம். வீரியமான ஸ்ரெரொயிட் கிறீமினால் அது கட்டுப்படும். கவனியாது விட்டால் அரிதாகப் புற்றுநோய்க்கும் வழிகோலும். வெறும் இறுக்கத்துக்கும் சில வாரங்கள் பூசும் ஸ்ரெரொயிட் கிறீம் பலவேளை போதுமாகிறது. சத்திரசிகிச்சையே ஒரே வழியன்று. ஆயினும் இக்கிறீம்கள் வைத்தியர் தந்தே பூசத்தக்கன. நண்பரின் அலுமாரியிலிருந்து பெறத்தக்கனவல்ல.

யாரிடம் சொல்வது?

எமது ஆண்களைத் தடுப்பது மொழிபெயர்ப்பாளர் பற்றிய அச்சமே. தெரிந்தவர் வந்து அமர்ந்தால் மறுநாள் ஊரறியும் என எண்ணுகின்றனர். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பும் பல இடங்களில் உண்டு. பெயரும் முகமும் தெரியாத ஒருவரைக் கேட்டுப் பெறலாம். பிள்ளைகளை இதற்கு அழைத்துச் செல்லுதல் தகாது.

செலவு பற்றிய அச்சமும் உண்டு. இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளோருக்குத் தேசிய சுகாதார சேவையின் சிகிச்சை இலவசம். ஜேர்மனியில் 1993ஆம் ஆண்டின் புகலிடம் கோருவோர் உதவிச் சட்டம், கடுமையான நோய்க்கும் வலிக்கும் சிகிச்சை பெறும் உரிமையை வழங்குகிறது.

மொழி தெரியாதவருக்கு ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் போர்ஸ்கின், ஜேர்மன் மொழியில் போர்ஹவுற், பிரெஞ்சில் பிரெப்யூஸ். அச்சொல்லைக் கூறி, வலிக்கும் இடத்தைச் சுட்டினால் வைத்தியர் விளங்கிக்கொள்வார். அவருக்கு இது பல்வலி போன்றதோர் அன்றாட முறைப்பாடே. எமக்கும் அவ்வாறே ஆதல் வேண்டும்.