எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: நடக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற நாட்கள்

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல வந்ததுல பாதி ஒரே கேள்விதான்: "எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகணும், எந்த ஷூ வாங்கலாம்?" ஷூ பத்தியும் பேசுவோம், ஆனா கடைசியில. ஏன்னா முதல் தடவை போனப்போ நானும் என் ரூம்மேட்டும் ஷூவுக்காக ஒரு மாசம் ரிவ்யூ பார்த்தோம். ஃப்ளைட் டிக்கெட்டை 20 நிமிஷத்துல போட்டு முடிச்சோம். எங்க ட்ரெக் கெட்டது அந்த 20 நிமிஷத்துலதான்.

அதனால இன்னைக்கு மலையைப் பத்தி இல்லை. சென்னையில வீட்டுக் கதவைப் பூட்டுறதுல இருந்து லுக்லாவுல முதல் அடி எடுத்து வைக்கிற வரைக்கும் என்னென்ன இருக்கு, அதை எப்படித் திட்டம் போடணும், இதுதான் விஷயம்.

நாங்க போட்ட கணக்கு

லுக்லாவுல ஆரம்பிச்சு பேஸ் கேம்ப் போய்ட்டு திரும்ப லுக்லாவுல இருந்து கிளம்புறதுக்கு வழக்கமா 12 நாள். இதுல ரெண்டு நாள் 'சும்மா' நாள்: 3,440 மீட்டர்ல இருக்கிற நாம்சேல ஒண்ணு, 4,410 மீட்டர்ல இருக்கிற திங்போச்சேல ஒண்ணு. அதோட சென்னையில இருந்து காத்மாண்டு போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். மொத்தம் 14. எங்களுக்குக் கிடைச்ச லீவும் வார இறுதி எல்லாம் சேர்த்து சரியா 14 நாள். "பக்காவா இருக்குடா"ன்னு ரெண்டு பேரும் ஹைஃபை அடிச்சுக்கிட்டோம்.

ஆபீஸ்ல ஒரு ரிலீஸுக்குத் தேதி சொல்லும்போது ஏதாவது உடையும்னு தெரிஞ்சே ரெண்டு மூணு நாள் கூடுதலா வெச்சுத்தான் சொல்வோம். சொந்த உயிரை எடுத்துட்டுப் போற பயணத்துக்கு ஒரு நாள்கூட வைக்கல.

லுக்லா விமானம் ஏன் இவ்வளவு சிக்கல்?

லுக்லா விமான நிலையத்துக்கு டென்சிங்-ஹிலாரி பேர். ஓடுபாதை வெறும் 527 மீட்டர். ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. ஓடுபாதையே மேடு மாதிரி சாய்ஞ்சு இருக்கும். இறங்குற விமானம் மேட்டுல ஏறி வேகம் குறையணும், கிளம்புற விமானம் சரிவுல ஓடி வேகம் எடுக்கணும். அதுக்காகவே அப்படிக் கட்டியிருக்காங்க. விமானி கண்ணால ஓடுபாதையைப் பார்த்துத்தான் இறக்கணும். மேகம் மூடிட்டா அன்னைக்கு ஃப்ளைட் இல்லை. மத்தியானம் ஆக ஆக காத்தும் மேகமும் ஏறும். அதனாலதான் பெரும்பாலான ஃப்ளைட் காலையில.

இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. சீசன்ல, அதாவது மார்ச்-மே, அக்டோபர்-நவம்பர்ல, லுக்லா ஃப்ளைட் பெரும்பாலும் காத்மாண்டுல இருந்து கிளம்பாது. ராமேசாப் மாவட்டத்துல இருக்கிற மந்தலிங்கிற சின்ன விமான நிலையத்துல இருந்துதான் கிளம்பும். காத்மாண்டு விமான நிலையத்துல இருக்கிற நெரிசல்தான் காரணம். மந்தலிக்கு வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு, நாலஞ்சு மணி நேரம். காலை ஃப்ளைட்டைப் பிடிக்க ராத்திரி 1 மணி, 2 மணிக்கே வேன் ஏறணும். வாந்தி மாத்திரையை பேக்கோட அடியில வைக்காதீங்க, சட்டைப் பையில வைங்க.

எங்களுக்கு நடந்தது இதுதான். சாயங்காலம் காத்மாண்டுல இறங்கினோம், ராத்திரி 1 மணிக்கு வேன். தூக்கமே இல்லாம மந்தலி போய்ச் சேர்ந்தா, லுக்லாவுல மேகம். மறுநாளும் மேகம். மூணாவது நாள் காலையிலதான் பறந்தோம். மந்தலியில இருந்து லுக்லா வெறும் 20 நிமிஷம்தான். அந்த 20 நிமிஷத்துக்கு ரெண்டு நாள் போச்சு.

அந்த ரெண்டு நாளை எங்க இருந்து எடுத்தோம்?

இதுதான் இந்த எபிசோடோட முக்கியமான பகுதி. திரும்பற டிக்கெட் மாறாது, லீவு நீளாது. அப்போ வெட்டறதுக்கு இருந்தது 'சும்மா' நாள்தான்.

எங்க கைடை நாங்க 'தாய்'னுதான் கூப்பிடுவோம். நேபாளியில அண்ணனுக்கு அதுதான் சொல்லு. அவர் நாம்சேல ஒரு நாள் நின்னே ஆகணும்னு சொல்லிட்டார். திங்போச்சேல நாங்க கெஞ்சினோம். "தாய், ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்கோம்"னு சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தான், என் ரூம்மேட் இல்லை. அவனுக்கு முந்தின நாளே லேசா தலைவலி இருந்திருக்கு. திட்டம் கெடக்கூடாதுன்னு வாயே திறக்கல.

மறுநாள் 4,940 மீட்டர்ல இருக்கிற லோபுச்சே போனோம். சாயங்காலம் அவன் சாப்பிடல, வாந்தி எடுத்தான். தாய் அவனை எழுப்பி, தரையில ஒரு பலகைக் கோட்டைக் காட்டி, ஒரு காலோட குதிகாலை இன்னொரு காலோட விரலுக்கு முன்னாடி வெச்சு நேரா நடக்கச் சொன்னார். அவனால மூணு அடிக்கு மேல முடியல, சுவரைப் பிடிச்சுக்கிட்டான். எனக்கு அது அசதின்னு தோணிச்சு. தாய்க்கு அர்த்தம் தெரியும். நடை தள்ளாடினா மூளையில நீர் கோத்து வீக்கம் ஆரம்பிச்சிருக்கலாம். அதுக்கு முதல் மருந்து கீழே இறங்கறதுதான். காலையில பார்க்கலாம்னு விடக்கூடாது.

இருட்டுல ஹெட்லைட் போட்டு, சுமார் 570 மீட்டர் கீழே இருக்கிற பெரிச்சேக்கு இறங்கினோம். ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் நான். பெரிச்சேல சீசன்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனோட கிளினிக் இருக்கும். மறுநாள் அவன் டீ கேட்டப்போதான் எனக்கு மூச்சு வந்தது. பேஸ் கேம்ப் பார்க்கல. அவங்க அம்மாகிட்ட "சும்மா ஜலதோஷம்மா"ன்னு போன்ல சொன்னான். நான் பக்கத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

3,000 மீட்டருக்கு மேல போனதும், தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளுக்கு ஒரு தடவை ஒரே இடத்துல நில்லுங்கன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. இந்த விதி எங்களுக்குத் தெரியாம இல்லை. ஆனா டிக்கெட் போடும்போதே அதைக் காப்பாத்த இடம் இல்லாம பண்ணிட்டோம்.

சரி, எப்படித் திட்டம் போடலாம்?

பின்னாடி இருந்து முன்னாடி வாங்க. சென்னைக்குத் திரும்பணும்கிற தேதியை முதல்ல எழுதுங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு காலி நாள், லுக்லாவுல மாட்டிக்கிட்டா பயன்படும். அதுக்கு முன்னாடி 12 நாள் நடை. அதுக்கும் முன்னாடி காத்மாண்டுல ஒரு முழு நாள், மந்தலிக்காக ஒரு காலி நாள். போக வர ரெண்டு நாள். மொத்தம் 18. லீவு 14 தான்னா இந்த ட்ரெக் இந்த வருஷம் வேண்டாம், லுக்லா ஃப்ளைட் தேவைப்படாத வேற ட்ரெக் பாருங்க. இல்லைன்னா நாம்சே வரைக்கும் போய்ட்டு வாங்க, அதுவே அருமையான பயணம்.

மேகம் விலகவே இல்லைன்னா ரெண்டு வழி இருக்கு. காசு இருந்தா ஹெலிகாப்டர், அதுவும் வானம் விட்டாத்தான். இல்லைன்னா சல்லேரி பக்கம் வரைக்கும் ஜீப்ல போய் அங்கிருந்து நடக்கலாம், ஆனா அதுக்குக் கூடுதல் நாள் வேணும்.

டெல்லியில மாறும்போது

நாங்க சென்னை-டெல்லி, டெல்லி-காத்மாண்டுன்னு போனோம். ஒரே டிக்கெட்டா போட்டா நல்லது. தனித்தனியா போட்டா டெல்லியில பேகை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் பண்ணணும். சர்வதேச ஃப்ளைட் டெர்மினல் 3-ல. உள்நாட்டு ஃப்ளைட் டெர்மினல் 1-ல இறங்கினா, நடுவுல பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கணும். அப்புறம் இமிக்ரேஷன் வரிசை. நாலஞ்சு மணி நேர இடைவெளி வைங்க.

இந்தியர்களுக்கு நேபாளத்துல விசா கிடையாது. ஆனா விமானத்துல போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேணும். ஆதார் மட்டும் எடுத்துட்டுப் போற நம்ம வயசுக்காரங்க சென்னையிலயே திரும்பி வர வேண்டியிருக்கும். இன்னொண்ணு, நேபாள நேரம் நம்மளை விட 15 நிமிஷம் முன்னாடி. போன் தானா மாத்திக்கும், கை வாட்ச் மாத்தாது.

காத்மாண்டுல அந்த ஒரு முழு நாள்

அந்த நாள்ல நாலு வேலை: தூக்கம், காசு, சிம், சாமான்.

காசு: நம்ம 100 ரூபா அவங்க 160 ரூபா, இது நிலையான மாற்று விகிதம். பெரிய இந்திய நோட்டுகளைப் பத்தின விதி பல தடவை மாறியிருக்கு, அதனால 100 ரூபா நோட்டா எடுத்துட்டுப் போங்க. காத்மாண்டு கடைகள்ல யூபிஐ க்யூஆர் பல இடத்துல வேலை செய்யும். மலையில அதை நம்பாதீங்க. நாம்சேக்கு மேல ரொக்கம்தான். மேல போகப் போக சாப்பாடு, சார்ஜிங், வைஃபை எல்லாமே விலை ஏறும், ஏன்னா ஒவ்வொரு மூட்டையும் மனுஷன் முதுகுலயோ மாட்டு முதுகுலயோ ஹெலிகாப்டர்லயோதான் வருது. திரும்ப லுக்லாவுல ரெண்டு நாள் மாட்டிக்கிட்டா அதுக்கும் சேர்த்து எடுத்துக்குங்க.

சாமான்: லுக்லா ஃப்ளைட்ல வழக்கமா எல்லாம் சேர்த்து 15 கிலோதான். டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக் ரெண்டையும் தமேல் பகுதியில வாடகைக்கு எடுக்கலாம். அடுப்பு, கேஸ் வேண்டாம். கேஸ் கேனிஸ்டரை எந்த விமானத்துலயும் விடமாட்டாங்க, இந்தப் பாதையில டீ ஹவுஸ்லயே சாப்பாடு கிடைக்கும். பருப்பு சாதம் மாதிரி தால் பாத், கேட்கக் கேட்கப் போடுவாங்க. நான் எடுத்துட்டுப் போறது 200 கிராம் பருப்புப் பொடி, கொஞ்சம் கடலை மிட்டாய், ஓஆர்எஸ், தண்ணிக்குக் குளோரின் மாத்திரை.

பவர் பேங்க் கைப் பையிலதான் இருக்கணும். 100 வாட்-ஹவர் வரைக்கும் அனுமதி. 20,000 எம்ஏஎச்னா 3.7-ஆல பெருக்கி 1,000-ஆல வகுங்க, 74 வருது, பிரச்சனை இல்லை.

மருந்து: அசிட்டசோலமைட் பத்தி சென்னையிலயே டாக்டரைப் பாருங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது 6,000 மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங்கும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருக்கான்னு வரி வரியாப் படிங்க.

கடைசியா ஷூ. எதுவா இருந்தாலும் சென்னையிலயே வாங்கி, ரெண்டு மாசம் பரங்கிமலைப் படி ஏறி இறங்கிப் பழக்குங்க. அவ்வளவுதான்.

ரெண்டாவது தடவை

அடுத்த வருஷம் ரெண்டு பேரும் மறுபடி போனோம், அதே தாயோட, 18 நாள் லீவு வாங்கி. இந்தத் தடவை தலைவலி வந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லணும்னு ஒப்பந்தம். போகும்போதும் வரும்போதும் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. 5,364 மீட்டர்ல அவன் நின்னு வீடியோ கால் பண்ணப் பார்த்தான், சிக்னல் இல்லை. காலி நாள் மூணும் காலியாவே மிஞ்சிச்சு. காத்மாண்டுல பௌத்தா ஸ்தூபியைச் சுத்தி வந்து டீ குடிச்சுக்கிட்டு, "மூணு நாள் லீவு வேஸ்ட்டாப் போச்சுடா"ன்னு அவன் புலம்பினான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

உங்க தேதியைப் பின்னாடி இருந்து எழுதிப் பார்த்துட்டு எத்தனை நாள் வருதுன்னு எனக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே.