பந்தி விசாரிப்பும் ஆயரின் தலைமையும்

எல்லை நகராகிய ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் வழங்குகின்றன. 1980ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு ஆலை தொடங்கிய காலமுதல் பெருகிய தொழிற்சாலைகளை நாடிப் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் அங்குக் குடியேறியுள்ளனர். ஞாயிறு காலை ஆராதனை மணி ஒலிக்கையில் இரவு ஷிப்டு முடித்தவர் உறங்குகிறார். அவரை நாம் பக்தி குன்றியவரென எண்ணிவிடுகிறோம். ஆயரோ எல்லா வீடுகளையும் தாம் ஒருவரே சந்திக்க முயன்று சோர்ந்துபோகிறார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. எருசலேம் சபையில் கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டனர். முறுமுறுத்தோரை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளவில்லை. அப்பணியைத் தாமே சுமக்கவுமில்லை. சபையார் தெரிந்தெடுத்த ஸ்தேவான் முதலிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. எனவே, குறைபட்டோர் தரப்பினரிடமே பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

ஆகவே ஷிப்டுத் தொழிலாளரைச் சந்திக்க அவர்களுள் ஒருவரையும், தெலுங்குக் குடும்பங்களை விசாரிக்க அவற்றுள் ஒருவரையும் நாம் ஏற்படுத்துவோமாக. சபைக் கமிட்டியிலும் அவர்களுக்கு இடமளிப்போமாக. பொறுப்பைப் பகிர்வதால் ஆயர்ப்பணி குன்றுவதில்லை. எழுவர் நியமனத்திற்குப் பின் சீஷர் தொகை மிகவும் பெருகியதாகவே லூக்கா எழுதுகிறார்.