இடது கை என்ன செய்கிறது?

அக்கா மகன் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு ஓர் அனலாக் சின்தஸைசரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று நாளாக அதன் குமிழ்களைத் திருகியபடியே இருந்தான். ஜாஸ்-ராக் குழுவான மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) ஆல்பத்தில் யான் ஹாமர் மினிமூக் சின்தஸைசரில் வாசித்த லீடைப் பிடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கேட்பது கிதாரா கீபோர்டா என்று குழம்ப வைக்கும் ஒலி அது. இவன் கையில் வந்ததோ கல்யாண மண்டபக் கச்சேரி கீபோர்டு. கீழ்வீட்டு வீணை மாமி வாசலில் நின்று ஒரு நிமிஷம் கேட்டார். “வலது கை வாசிக்கறது சரி. இடது கையை ஏண்டா மடியில வெச்சிண்டிருக்கே?” என்றார்.

மூன்று நாளும் அவன் பார்த்த வீடியோக்களில் எவரும் இதைச் சொல்லவில்லை.

ஒலியைச் சமைப்பது அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. ரம்பப்பல் வடிவ அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. அடிப்படை 100 ஹெர்ட்ஸ் என்றால் 200-இல் பாதி வீச்சு, 300-இல் மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே இருப்பதால் கிளாரினெட் போல உள்ளே குடைந்த தொனி வரும். இந்தக் கூச்சலைச் செதுக்குவது வடிகட்டி (ஃபில்டர்). ராபர்ட் மூக் வடிவமைத்த வடிகட்டியில் டிரான்சிஸ்டர்கள் ஏணிப்படிபோல ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருக்கும். குறித்த எல்லைக்கு மேலே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் வெட்டிவிடும். அதற்கு மேல் கொஞ்சம் ஓவர்டிரைவ் சேர்த்தால் அலையின் தலை தட்டையாகி, ராக் கிதாரின் கரகரப்பு கிடைத்துவிடும்.

ஒரே ஒரு நுணுக்கம். அலையை உண்டாக்கும் இரண்டு ஆஸிலேட்டர்களை அச்சாக ஒன்றுசேர்க்கக் கூடாது. ஒன்று 440, மற்றது 441 என்று வைத்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி அலைபாயும். தம்புரா சேர்ப்பவர் இந்த அலைச்சல் மறையும்வரை விடமாட்டார். ராக் வாசிப்பவரோ அதில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார், ஒலி தடிமனாக இருக்கட்டும் என்று.

இதையெல்லாம் பையன் சரியாகத்தான் செய்திருந்தான். விட்டது கமகம்.

1970-இல் உருவான மினிமூக்கில் 44 கட்டைகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் பேசும். நாதஸ்வரமும் அப்படித்தானே! கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம் உண்டு. ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்பது மூக்கின் கணக்கு. அப்படியானால் அரை ஸ்வரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். சக்கரத்தை உருட்டினால் அந்த மின்னழுத்தம் கூடும், குறையும், ஸ்வரமும் கூடவே வளையும். வீணையில் இதே வேலையை இடது கை விரல்கள் செய்கின்றன. தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கும்போது இழுவிசை ஏறுகிறது. அரை ஸ்வரம் ஏற வேண்டுமானால் இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். வலது கை மீட்ட, இடது கை வளைக்க, இரண்டு வாத்தியத்திலும் வேலைப் பிரிவினை ஒன்றே. அசல் மினிமூக்கின் சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது, விட்ட இடத்திலேயே நிற்கும். ஆகவே திரும்பி வருவதையும் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹாமர் வீணையைப் பார்த்துக் கற்றார் என்று சொல்லவரவில்லை. ஆனால் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் தலைவர் ஜான் மெக்லாலின், எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர். சொல்லிக்கொடுத்தவர் நம் ஊர் சங்கீத வித்வான் டாக்டர் எஸ். ராமநாதன். பிறகு எல். சங்கர், டி.எச். விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தபோது, மெக்லாலினின் கிதாரில் மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகக் குடையப்பட்டிருந்தது. விரல் மரத்தில் உரசாமல் தந்தியை இழுப்பதற்கு வீணையிலிருந்து வந்த யோசனை அது. அப்படி வளைக்கிறவரோடு மாற்றி மாற்றி வாசித்த ஹாமரின் இடது கை சும்மா இருந்திருக்க முடியாது.

சக்கரம் இல்லாமலும் ஒரு வழி உண்டு. ‘லக்கி மேன்’ (1970) பாட்டின் கடைசியில் ராக் கீபோர்டுக் கலைஞர் கீத் எமர்சனின் மூக் சின்தஸைசர் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். நாம் ஜாரு என்கிறோமே, அதுதான். உள்ளே மின்தேக்கி ஒன்று மெதுவாக நிரம்புகிறது, அவ்வளவே. மின்தடை வழியாக நிரம்புவதால் முதலில் வேகமாக ஏறி, சேரவேண்டிய இடம் நெருங்கும்போது தயங்கும். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அனலாக் ஆஸிலேட்டரின் டிரான்சிஸ்டர்கள் சூட்டுக்கு அசைந்துகொடுப்பவை, அதனால் சுருதி நழுவும். சென்னை வெயிலில் ஏசியைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தால் வாத்தியம் ஓரிடத்தில் நிற்காது. அரை மணி நேரம் முன்பே இயக்கி, சூடேறியபின் தம்புராவோடு சேருங்கள். பிறகு குமிழ்களைத் தொடாமல், ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு, இடது கையால் தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பையனுக்கு அது வர இரண்டு வாரம் ஆயிற்று.