மூடியை இறுக்காதை, தம்பி!

இரவு பத்து மணிக்கு மேல் வெள்ளவத்தையில் ஓர் அப்பக்கடையின் குசினிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் காலி வீதிச் சத்தம். பின்பக்கம் பெரிய வாளிக்குள் மா மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது! காதைக் கிட்டக் கொண்டுபோங்கள், சின்னச் சின்ன வெடிப்புகள் கேட்கும். ஒரு குமிழி ஊதி, மின்னி, உடைகிறது. அந்த இடத்திலேயே இன்னும் மூன்று. கள்ளு விட்டுக் கரைத்த மா என்றால் ஆட்டம் இன்னும் கூடுதல். பழகிய கை வாளியை அரைவாசிக்கு மேல் நிரப்பாது. விடியமுன் மா விளிம்புக்கு வந்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அன்ரிக்கும் தெரியும். ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகன் வட்ஸ்அப்பில் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டில் முதன்முதலாகப் பியர் போட்டிருக்கிறான். அங்கே சொந்தப் பாவனைக்குச் செய்யலாம். இங்கே 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் முடியாது.

"அம்மா, மூடி பறந்திட்டுது! சுவரெல்லாம் நுரை!"

"பின்னை? பொங்காம என்ன செய்யும்? ஏனம் சின்னன், மூடி இறுக்கம். அப்பத்துக்கு மா புளிக்கிறதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே நீ!"

பியரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மனுஷி, ஒரே மூச்சில் முழுப் பாடத்தையும் சொல்லிவிட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கணக்கைப் பாருங்கள், தலை சுற்றும். ஈஸ்ற் சீனியைத் தின்னும்போது ஏறக்குறைய பாதி மதுசாரமாகவும் மற்றப் பாதி காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. 5 சதவீத மதுசாரமுள்ள 20 லீற்றர் பியர் புளித்து முடிவதற்குள் 400 லீற்றருக்கு மேல் வாயு வெளியேறும். ஒரு வாளிக்குள் இருந்து! வாயு மட்டும் என்றால் குமிழி உடைந்து போய்விடும். பார்லியின் புரதமும் ஹொப்ஸ் பூவின் கசப்புப் பொருளும் சேர்ந்து அந்தக் குமிழிகளைப் பிடித்துவைப்பதால்தான் தலையில் கட்டியான நுரைத் தொப்பி எழும்புகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் அது உச்சத்துக்குப் போகும். விளிம்பில் மண்ணிறப் பிசின் ஒட்டும். முதல்தடவை பார்ப்பவர், "பழுதாப் போச்சு" என்று ஊற்றிவிட நினைப்பார். ஊற்றாதீர்கள்! ஈஸ்ற் நல்ல சுகத்தோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு இடம் வேண்டும். 20 லீற்றர் போடுவதற்கு 30 லீற்றர் வாளி. வாளியின் மூடியில் செருகும் சின்ன வாயுப்பூட்டை முதல் நாட்களில் நம்பாதீர்கள். ஹொப்ஸ் துகள் அதன் துவாரத்தை அடைத்துவிட்டால் அமுக்கம் ஏறும், மூடி கிளம்பும். அதற்குப் பதிலாக மூடியின் துவாரத்தில் கைவிரல் பருமனான குழாயைச் செருகி, மறுமுனையைத் தொற்றுநீக்கி கலந்த தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அமிழ்த்திவிடுங்கள். நுரை அந்த வழியால் இறங்கிப் போகும். காற்று உள்ளே வராது. நடுச்சாமத்தில் அந்தப் பாத்திரம் "பொளக், பொளக்" என்று பேசத் தொடங்கும்போது பக்கத்தில் கதிரை போட்டு இருந்து கேட்க வேண்டும்! இங்கிலாந்தின் பேர்ட்டன் நகரத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். மரப் பீப்பாய்களின் உச்சியில் அன்னக் கழுத்துக் குழாய்கள். நுரை அவற்றால் ஏறித் தொட்டியில் விழும், ஈஸ்ற் அங்கே தங்கும், பியர் திரும்பிப் பீப்பாய்க்குள் ஓடும். மார்ஸ்டன்ஸ் நிறுவனம் 2024 வரை அப்படித்தான் வடித்தது.

அடுத்தது வெக்கை. ஏல் வகைப் பியருக்கு 18 முதல் 20 பாகை செல்சியஸ் போதும். கொழும்புச் சூட்டில் ஈஸ்ற் தறிகெட்டு ஓடும். நுரையும் பொங்கும், சுவையும் கெடும். இலங்கையின் பியர்த் தொழில் 19ஆம் நூற்றாண்டில் 1,800 மீற்றருக்கு மேலே, குளிர் நிறைந்த நுவரெலியாவில் தொடங்கியது சும்மா இல்லை. குளிரூட்டும் இயந்திரங்களின் காலத்தில்தான் அது பியகமவுக்கு இறங்கியது. ரொறன்ரோவிலும் கோடையில் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றிப் போடலாம்.

நுரை படிந்துவிட்டதா? போத்தலில் அடைக்க அவசரப்படவேண்டாம். அடர்த்திமானியில் இரண்டு மூன்று நாள் அதே எண் காட்ட வேண்டும். சீனி மிஞ்சியிருக்கும்போது அடைத்தால் கண்ணாடியே வெடிக்கும். இந்தப் பயம் கொட்டாஞ்சேனைக்கு நல்ல பழக்கம். நத்தார் நெருங்க, புனித லூசியா பேராலயத்துப் பக்கம் இஞ்சி பியர் போடும் வீடுகளில் இஞ்சி, சீனி, தேசிக்காய், கராம்பு, ஈஸ்ற் எல்லாம் தயாராகும். போத்தலுக்குள் இரண்டு முந்திரிகை வற்றலும் விழும். குமிழிகள் ஒட்டி வற்றல் மேலே மிதந்து வந்தால் அந்த வீட்டுச் சின்னதுகள் கத்துகிற கத்தலைக் கேட்க வேண்டும்! கண்ணாடிப் போத்தலை விட்டு, சோடாப் பிளாஸ்ரிக் போத்தலில் போடுங்கள். பக்கத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்காமல் விறைத்து நின்றால், உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.