கன்னத்தில் படியும் மங்கு

விடிவதற்கு முன்பே ஜொகூர் பாரு கடற்பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடிக்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் இருட்டில் கிளம்பி, சாயங்கால வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் ஊரில் வெயிலுக்கு விடுமுறை கிடையாது. கன்னம், நெற்றி, மேலுதடு என்று இரு பக்கமும் ஒன்றுபோல் பழுப்புத் திட்டு படிகிறது. நம்மவர்கள் அதை மங்கு என்பார்கள். மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள்.

கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்பவழி ஆகியவையும் காரணமாகலாம். ஈரல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை.

இரவுச் சந்தை டப்பா

ஏழே நாளில் வெளுப்பாக்கும் என்று விற்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாய்ன், ஸ்டீராய்டு ஆகியவற்றை மலேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அழகுப் பொருளில் இவற்றுக்கு இடமில்லை. மீறி விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்திலேயே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

முதல் மாதம் முகம் பளிச்சென்றுதான் இருக்கும். அதுதான் வம்பு. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மங்கும் திரும்பிவிடும். பாதரசமோ சிறுநீரகத்தையே பதம் பார்க்கும்.

மருத்துவர் தரும் வழி

வேடிக்கை என்னவென்றால், மருத்துவர் எழுதித் தருவதிலும் ஹைட்ரோகுவினோன் உண்டு. 1975இல் தோல் மருத்துவர்களான கிளிக்மேனும் வில்லிஸும் அதை டிரெட்டினாய்னோடும் ஸ்டீராய்டோடும் சேர்த்துக் கொடுத்த கலவைதான் இன்றைய மும்மருந்துக் கிரீமுக்கு மூலம். அளவும் காலமும் தெரிந்து, சில மாதங்களில் நிறுத்த வேண்டும். ஆண்டுக்கணக்கில் பூசினால் தோலில் நீலக்கருமை ஏறிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசிலாயிக் அமிலம் பாதுகாப்பான மாற்று.

மாதவிடாய்ப் பெருக்குக்குத் தரும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் கைகொடுக்கிறது. சிங்கப்பூரில் அதை உட்கொண்ட 561 பேரைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், 10 பேரில் 9 பேருக்குத் திட்டு மங்கியது. ஒருவருக்குக் கால் சிரையில் இரத்தம் உறைந்தது. ஆகவே இரத்த உறைவு வந்தவர்களுக்கும், குடும்பத்தில் அது உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை ஆகாது. லேசர் கடைசி வழிதான்: மாநிறத் தோலில் சூடு கூடினால் கருமை இரட்டிப்பாகும்.

எந்த மருந்துக்கும் துணை சன்ஸ்கிரீன். ஹெல்மெட்டின் தெளிந்த கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மாநிறத் தோலைக் கருக்கவைக்கும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனே நல்லது.

அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கித் தோல் மருத்துவரிடம் போகலாம். போகும்போது இதுவரை பூசிய டப்பாக்கள் அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.